பால் லாங்மோரின் நூலெரிப்புக் கட்டுரையில் இயலாமையும் உழைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ‘இயலாமை’ என்பதைப் பணி செய்து பொருளீட்ட இயலாமை என்றே வரையறுக்கிறது. இவ்வரையறையின்படி, அரசின் உதவி பெறும் உடற்குறையுடைய ஒருவர் வேலைக்குச் செல்வதே அவர் அவ்வுதவிக்குத் தகுதியற்றவர் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. வரலாற்றறிஞர் பால் லாங்மோர் 1988-இல் தம் முதல் நூலைப் பொதுவிடத்தில் எரித்ததையும், அதைப் பற்றி எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரையையும் முன்வைத்து, இம்முரண் எங்குத் தோன்றியது, பின்வந்த திருத்தங்கள் அதை எந்த அளவுக்குத் தளர்த்தின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சட்டச் சொல்லைத் தமிழில் பெயர்ப்பதில் எழும் சிக்கலும் கருதப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பால் லாங்மோர், தன்வரலாறு, இயலாமை, மாற்றுத்திறனாளி, உரிமைத்தொகை, சமூகப் பாதுகாப்பு.

முன்னுரை

1988-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கூட்டரசு அலுவலகக் கட்டடத்தின் முன் ஒருவர் தம்முடைய நூலைத் தாமே தீயிட்டார். நூலெரிப்பு என்றதும் தணிக்கையும் கருத்துப் பகையுமே நினைவுக்கு வரும். எரிப்பவர் ஒருவராகவும் எழுதியவர் வேறொருவராகவும் இருப்பதே வரலாற்றில் காணும் வழக்கம். இங்கோ எழுதியவரே எரித்தார். நூலின் கருத்தில் அவருக்கு மாறுபாடு எதுவும் தோன்றியிருக்கவில்லை. அது அச்சாகி வெளிவந்ததே அவ்வாண்டில்தான். அந்நூல் விற்று அவருக்குக் கிடைக்கக்கூடிய சிறு தொகை, அவர் மூச்சுவிடத் துணைசெய்யும் கருவிக்கும் அன்றாட உதவியாளர்களுக்கும் ஆகும் செலவை அரசு ஏற்பதைத் தடுத்துவிடும் நிலையில் இருந்தது என்பதே எரிப்புக்குக் காரணம்.

எரித்தவர் பால் லாங்மோர் (1946–2010). அந்நிகழ்வையும் அதற்கு இட்டுச்சென்ற ஆண்டுகளையும் அவர் ‘நான் ஏன் என் நூலை எரித்தேன்’ என்னும் பொருள்படும் தலைப்பில் கட்டுரையாக எழுதினார். அதே தலைப்பைத் தாங்கிய அவருடைய கட்டுரைத் தொகுப்பு 2003-இல் டெம்பிள் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. இக்கட்டுரை பெரும்பாலும் போராட்ட ஆவணமாகவே படிக்கப்பட்டு வந்துள்ளது. அதில் ஐயமில்லை என்றாலும், அது ஒரு சொல்லின் பொருளைப் பற்றிய கட்டுரையும் ஆகும். வேலை தேடும் ஒருவர் ஒரு சட்டச்சொல்லின் வரையறைக்குள் எவ்வாறு அகப்பட்டுக்கொள்கிறார் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் தன்வரலாற்று எழுத்துகள் மிகச் சிலவே. ஆதலின் சமூகநலத் துறையினர்க்கு மட்டுமன்றி, சொற்பொருளை ஆராய்வோர்க்கும் அது உரியதாகிறது.

நூலும் ஆசிரியரும்

லாங்மோர் ஏழாம் அகவையில் இளம்பிள்ளைவாத நோய்க்கு ஆளானார். கைகள் செயலிழந்தன, முதுகெலும்பு வளைந்தது, பிற்காலத்தில் செயற்கைச் சுவாசக் கருவியும் தேவைப்பட்டது. உடுத்துதல், உணவு, வீட்டுப்பணி ஆகியவற்றுக்கு உதவியாளர் இன்றியமையாதவர் ஆயினர். இந்நிலையில் அவர் வரலாற்றுக் கல்வியைத் தேர்ந்து, கிளேர்மாண்ட் பட்டமேற்படிப்புக் கல்லூரியில் 1984-இல் முனைவர் பட்டம் பெற்றார். வாயில் பேனாவைக் கவ்வி விசைப்பலகையின் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தி எழுதிய அவருடைய ஆய்வு, ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பின் பயனாக ‘ஜார்ஜ் வாஷிங்டனின் உருவாக்கம்’ என்னும் நூலாயிற்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது.

நூலின் பொருள் இங்குக் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் தம் பொதுத்தோற்றத்தைத் திட்டமிட்டு எவ்வாறு அமைத்துக்கொண்டார் என்பதே அதன் ஆய்வுப்பொருள். பொதுமக்கள் கண்முன் ஒரு மனிதர் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதைப் பத்தாண்டு ஆராய்ந்தவர், அந்த ஆராய்ச்சி நூலையே கையிலெடுத்துப் பொதுமக்கள் கண்முன் நின்றார். இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

அவருடைய மாதச் செலவின் இயல்பை அறிந்தாலன்றி மற்றவை விளங்கா. வாடகை, உணவு ஆகியவற்றுக்கான பணவுதவி ஒருபுறம் இருக்க, உதவியாளர் ஊதியமும் சுவாசக் கருவிச் செலவும் அதனினும் பன்மடங்கு பெரியவை. இவற்றை மாநில அரசின் இல்லத்துணைத் திட்டமும், ஏழையர்க்குரிய பொது மருத்துவத் திட்டமான மெடிக்கெய்டும் ஏற்று வந்தன. கலிபோர்னியாவில் அது மெடிக்கால் எனப்படும். தனியார் மருத்துவக் காப்பீடு இத்தகைய செலவை ஏற்பதில்லை. தொடக்கநிலைக் கல்லூரி ஆசிரியரின் ஊதியமோ அதற்குப் போதாது. ஆகவே ‘உதவித்தொகையை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமே’ என்னும் எளிய அறிவுரை இவர் போன்றோர்க்குப் பொருந்தாது. அவர் விடத் தயங்கியது பணத்தை அன்று. வேலைக்குச் செல்லும் நிலையில் தம் உடலை வைத்திருந்த ஏற்பாட்டையே விட அஞ்சினார். உதவியாளர் காலையில் வந்து எழுப்பி உடுத்திவிட்டால்தான் ஆசிரியர் வகுப்பறைக்குச் செல்ல முடியும். அவர் வகுப்பறைக்குச் சென்று ஊதியம் பெற்றுவிட்டாலோ, மறுநாள் காலை அவ்வுதவியாளர் வரமாட்டார்.

சட்டத்தின் வரையறை

சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இயலாமைக்கான காப்புறுதி 1956-இல் சேர்க்கப்பட்டது. மேலவையில் அதற்கான திருத்தம் 47-க்கு 45 என்னும் வாக்குக் கணக்கில், மயிரிழையில் தப்பியது. மருத்துவர் சங்கமும் காப்பீட்டு நிறுவனங்களும் அதை எதிர்த்தன. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் தனியார் இயலாமைக் காப்பீடு பெருநட்டம் கண்டிருந்தது. வேலையிழந்தோர் எல்லாரும் இயலாதோர் என்று வந்து நிற்பர் என்னும் அச்சம் அதனால் வேரூன்றியிருந்தது. அந்த அச்சத்தைத் தணிக்கவே வரையறை இறுக்கமாக எழுதப்பட்டது. தொடக்கத்தில் 50 வயது நிரம்பியோர்க்கே தொகை வழங்கப்பட்டது. 1960-இல் அவ்வயது வரம்பு நீங்கியது. 1965-இல் கால அளவு குறித்த பகுதி மாற்றப்பட்டது. வரையறையின் நடுத்தொடர் மட்டும் மாறவில்லை.

அத்தொடரின் பொருள் இது: மருத்துவத்தால் உறுதிசெய்யத்தக்க உடல் அல்லது மனக் குறைபாட்டின் காரணமாக, கணிசமான வருவாய்தரும் பணி எதிலும் ஈடுபட இயலாமை. அக்குறைபாடு இறப்பில் முடியக்கூடியதாகவோ பன்னிரண்டு மாதங்களுக்குக் குறையாமல் நீடிப்பதாகவோ இருத்தல் வேண்டும். வறியோர்க்கெனத் தனியே 1972-இல் இயற்றப்பட்டு 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த துணைநிலை வருமானத் திட்டமும் வயதுவந்தோர்க்கு இதே வரையறையைக் கைக்கொண்டது. லாங்மோர் இந்த இரண்டாம் திட்டத்தின் கீழ் வந்தவர்.

இவ்வரையறையில் குறைபாடு காரணமாக நிற்கிறது. இயலாமை அதன் விளைவாக நிற்கிறது. கைகள் செயலிழந்திருப்பது இயலாமை ஆகாது. கைகள் செயலிழந்ததால் சம்பாதிக்க முடியாதிருப்பதே இயலாமை. அப்படியானால், கைகள் செயலிழந்த நிலையிலேயே ஒருவர் சம்பாதித்துவிட்டால் அவர் சட்டத்தின் கண்ணில் இயலாதவர் அல்லர். அவருடைய உடலில் எந்த மாற்றமும் நிகழ்ந்திருக்காது. உதவியாளரின் தேவை ஒரு மணிநேரமும் குறைந்திருக்காது. ஆனால் அவரைக் குறித்த சொல் மாறிவிடும். சொல் மாறியதும் அச்சொல்லைச் சார்ந்து நின்ற உதவிகள் அனைத்தும் விலகிவிடும். லாங்மோர் கட்டுரை திரும்பத் திரும்பச் சென்று முட்டும் சுவர் இதுவே.

டெபோரா ஸ்டோன் 1984-இல் வெளியிட்ட ‘இயலாமை அரசு’ என்று பெயர்க்கத்தக்க நூலில், இயலாமை என்பது முதன்மையாக ஒரு நிருவாக வகைப்பாடு என்று நிறுவினார். உழைப்புக்கேற்பப் பங்கீடு, தேவைக்கேற்பப் பங்கீடு என்னும் இரண்டுக்கும் நடுவே அரசு ஓர் எல்லைக்கோட்டை வரைய வேண்டியுள்ளது. அக்கோட்டின் பெயரே இயலாமை என்பது அவர் கருத்தின் சாரம். ஸ்டோன் கோட்டை மேலிருந்து நோக்கினார். லாங்மோர் அக்கோட்டின்மேல் நின்றுகொண்டு எழுதினார். இருவரையும் சேர்த்துப் படிக்கும்போதுதான், உதவியை இழக்காமல் வேலை தேடுவது ஏன் இவ்வளவு அரிதாக இருந்தது என்பது முழுமையாக விளங்குகிறது.

உரிமைத்தொகை உழைப்பின் பயனா?

1988-ஆம் ஆண்டின் நிலையைப் புரிந்துகொள்ள அதற்குச் சற்று முந்திய ஒரு சீர்திருத்தத்தைக் காண வேண்டும். சட்டத்தின் 1619-ஆம் பிரிவு 1980-இல் சோதனை முயற்சியாகக் கொண்டுவரப்பட்டு, 1986-இல் இயற்றிய தனிச்சட்டத்தால் நிலைபெற்றது. துணைநிலை வருமானத் திட்டத்தில் உள்ளவர் வேலைக்குச் சென்று, ஊதியத்தின் காரணமாகப் பணவுதவியை இழந்தாலும், மருத்துவ உதவியை மாநில அளவில் வகுத்த ஒரு வரம்புவரை தொடர்ந்து பெறலாம் என்பது அதன் பயன். வரையறையின் முரணை முதன்முதலாக அச்சட்டம் ஒத்துக்கொண்ட இடம் என்று இதைக் கருதலாம். லாங்மோர் போன்றோர் நெடுங்காலம் வேண்டிநின்றதும் இதையே.

ஆயினும் அப்பிரிவு ‘உழைத்து ஈட்டிய வருவாய்’க்கு மட்டுமே காப்பளித்தது. ஊதியம் அவ்வகையைச் சேர்ந்தது. வட்டி, நன்கொடை, ஓய்வூதியம் முதலியன ‘உழைப்பின்றி வந்த வருவாய்’ என்னும் மற்றொரு வகையில் அடங்கின. ராயல்டி எனப்படும் நூல் உரிமைத்தொகையும் இரண்டாம் வகையிலேயே வைக்கப்பட்டிருந்தது! ஊதியமாக வரும் ஒரு டாலருக்குச் சலுகை உண்டு. உரிமைத்தொகையாக வரும் ஒரு டாலருக்கு, முதல் 20 டாலர் நீங்கலாக, உதவியில் முழு ஒரு டாலர் குறையும். உழைப்பில்லா வருவாயால் பணவுதவி நின்றுபோனால் 1619-ஆம் பிரிவின் காப்பும் கிட்டாது. மருத்துவ உதவியும் உடன் போகும்.

வாயால் பேனாவைக் கவ்விப் பத்தாண்டு எழுதியதன் பயன் ‘உழைப்பின்றி வந்தது’ எனப்பட்டதன் கொடுமையை விரித்துரைக்கத் தேவையில்லை. லாங்மோரும் அதை மிகைப்படுத்தவில்லை. கட்டுரையின் பெரும்பகுதி விதிகள், கடிதங்கள், அலுவலர் விளக்கங்கள், மறுப்புகள் என்றே செல்கிறது. படிப்போர்க்கு ஒரு கட்டத்தில் அலுப்புத் தோன்றுகிறது. அந்த அலுப்பே கட்டுரையின் வலிமை எனலாம்: வேலை தேடும் மாற்றுத்திறனாளியின் நாள்கள் உண்மையில் அவ்வாறுதான் கழிகின்றன. எரிப்பு நிகழ்ச்சி கட்டுரையில் இடம்பெறும்போது, அதற்கு முந்தைய பக்கங்களில் குவிந்த தாள்களும் அத்தீயில் எரிவதாகப் படிப்பவர் உணர்கிறார்.

எரிப்புக்குப் பயன் இருந்தது. 1990-ஆம் ஆண்டின் வரவுசெலவு இணக்கச் சட்டத்தில், ஒருவர் தம் படைப்பை வெளியிடுவதால் பெறும் உரிமைத்தொகையும், ஆற்றிய பணிக்காகப் பெறும் மதிப்பூதியமும் உழைத்து ஈட்டிய வருவாயாகவே கொள்ளப்படும் என்னும் திருத்தம் இடம்பெற்றது. அது ‘லாங்மோர் திருத்தம்’ என்று வழங்கலாயிற்று. ஆராய்ச்சிக்கு வழங்கும் நல்கைத்தொகைகளைப் பற்றி அத்திருத்தம் பேசவில்லை. கல்வித்துறையில் வேலை தேடுவோர்க்கு உரிமைத்தொகையைவிட நல்கையே முதற்படி என்பதை எண்ணும்போது இது சிறிய குறை அன்று. திருத்தத்தின் எல்லை இன்னொரு வகையிலும் குறுகியது. நூலெழுதி உரிமைத்தொகை பெறுவோர் எத்தனை பேர்? உதவி பெறுவோரில் பெரும்பாலோர் கடைகளிலும் சமையற்கூடங்களிலும் அலுவலகங்களின் கீழ்நிலைப் பணிகளிலும் வேலை தேடுவோர். லாங்மோரின் தீ வகைப்பாட்டின் ஓர் ஓட்டையை அடைத்தது. வரையறை அப்படியே நின்றது.

சரிவும் செங்குத்தும்

இரு திட்டங்களும் ஒரே வரையறையைக் கொண்டிருப்பினும் வேலைக்குச் செல்வோரை அவை ஒரே வகையில் நடத்துவதில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் வேலையில் சேர்ந்து துன்புற்றோர் பலர். ஆதலின் கணக்கைச் சற்று விரிவாகக் காணலாம்.

துணைநிலை வருமானத் திட்டத்தில் 2025-இல் தனியொருவர்க்குரிய கூட்டரசு உதவியின் மேல்வரம்பு மாதம் 967 டாலர். வேறு வருவாய் இல்லாத ஒருவர் வேலையில் சேர்ந்து மாதம் 1,085 டாலர் ஊதியம் பெறுவதாகக் கொள்வோம். பொதுக்கழிவு 20 டாலர், ஊதியக்கழிவு 65 டாலர் ஆகியவற்றை நீக்க 1,000 எஞ்சும். அதில் பாதி, அதாவது 500 டாலர், உதவியிலிருந்து குறைக்கப்படும். எஞ்சிய உதவி 467. ஊதியத்தோடு சேர்த்து 1,552 டாலர். வேலை செய்யாதிருந்தால் கையில் 967 மட்டுமே. ஊதியம் ஏற ஏற உதவி மெல்லச் சரிகிறது. 2,019 டாலரை எட்டும்போது முழுதும் நிற்கிறது. மருத்துவ உதவி முற்கூறிய 1619-ஆம் பிரிவால் அதன்பின்னும் தொடரலாம். ஒருவர் தம் குறைபாட்டின் காரணமாக வேலைக்கெனச் செய்யும் தனிச்செலவுகளையும் ஊதியத்தில் கழித்துக் கணக்கிட விதி உண்டு.

முன்பு வேலைசெய்து காப்புறுதி வரி செலுத்தியோர்க்குரிய இயலாமைக் காப்புறுதித் திட்டம் இவ்வாறு சரிவதில்லை. அதில் முதற்கண் ஒன்பது மாதச் சோதனைப் பணிக்காலம் உண்டு. அறுபது மாதங்களுக்குள், 2025-இன் அளவுப்படி 1,160 டாலருக்கு மேல் ஈட்டிய மாதங்களே எண்ணப்படும். அம்மாதங்களில் உதவி குறையாது. அவ்வொன்பது தீர்ந்தபின் 36 மாத நீட்டிப்புக் காலம் தொடங்கும். அப்போது ‘கணிசமான வருவாய்’ என்னும் அளவு குறுக்கிடுகிறது: 2025-இல் அது மாதம் 1,620 டாலர், பார்வையற்றோர்க்கு 2,700. இவ்வளவைத் தாண்டிய முதல் மாதத்துக்கும் அடுத்த இரு மாதங்களுக்கும் தொகை வழங்கப்படும். பின்னர், அளவைத் தாண்டும் ஒவ்வொரு மாதமும் உதவி முழுவதும் நிறுத்தப்படும். எடுத்துக்காட்டாக, மாதம் 1,400 டாலர் காப்புறுதி பெறும் ஒருவர் 1,600 டாலர் ஊதியத்தில் இருந்தால் கையில் 3,000. முதலாளி மகிழ்ந்து 50 டாலர் கூட்டிக் கொடுத்தால் கையில் 1,650. ஊதிய உயர்வை வேண்டாம் என்று மறுக்கும் தொழிலாளியை இவ்விதி உருவாக்குகிறது. அவரைச் சோம்பேறி என்பது கணக்கறியாதார் கூற்று.

சேமிப்பைப் பற்றியும் ஒரு சொல். துணைநிலை வருமானத் திட்டத்தில் தனியொருவர் வைத்திருக்கத்தக்க சொத்தின் வரம்பு 2,000 டாலர், இணையர்க்கு 3,000. இவ்வரம்பு 1989 முதல் மாறவில்லை. ஊதியத்தில் கழிக்கும் 20, 65 டாலர்களோ 1972-இல் எழுதப்பட்டவாறே உள்ளன. விலைவாசி ஏறியதால், அரைநூற்றாண்டுக்கு முன் பொருளுடையதாக இருந்த கழிவு இன்று பெயரளவினது. 2014-இல் இயற்றப்பட்ட ஏபிள் சட்டம், இளமையிலேயே குறைபாடு தொடங்கியோர் ஒரு தனிக்கணக்கில் 1,00,000 டாலர் வரை சேர்த்தாலும் அது சொத்தாகக் கருதப்படாது என்றது. குறைபாடு 26 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்றிருந்த நிபந்தனை 2026 ஜனவரி முதல் 46 வயது எனத் தளர்கிறது. வேலைக்குச் சென்று மிச்சம்பிடிக்க விரும்புவோர்க்கு இது மெய்யான உதவி.

அச்சத்தின் நினைவு

கணக்கு மட்டுமே தடையாயின் கணக்கைத் திருத்தினால் தடை நீங்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை என்பதே இப்பொருளில் மிகவும் சிந்திக்கத்தக்கது. காப்புறுதித் திட்டத்தின் செங்குத்தை அகற்றி, ஈரிரு டாலர் ஊதியத்துக்கு ஒரு டாலர் வீதம் உதவியைக் குறைத்தால் என்ன நேரும் என்பதை அறிய, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆணைப்படி நாடளாவிய சோதனையொன்று 2011-இல் தொடங்கி நடத்தப்பட்டது. அதில் சேர்ந்தோரின் சராசரி ஊதியம் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. கணக்கு இனிதாகியும் பெரும்பாலோர் வேலையை நோக்கி நகரவில்லை. அவர்களுள் பலர் உண்மையாகவே வேலைசெய்யும் உடல்நிலையில் இல்லாதவர் என்பது ஒரு காரணம். தகுதி பெறுவதற்கே வேலையை விட்டு நீண்டகாலம் ஒதுங்கியிருக்க வேண்டியிருந்ததால் வேலை உலகம் அவர்களுக்கு அந்நியமாகிவிட்டது என்பது மற்றொன்று. மூன்றாவது, அச்சம்.

அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1980-களின் தொடக்கத்தில் உதவி பெறுவோரின் தகுதி பெருமளவில் மறுஆய்வு செய்யப்பட்டு, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். முறையீட்டில் பலர் மீண்டனர். உடல்நிலை மேம்பட்டதற்குச் சான்று இருந்தாலன்றி நீக்கலாகாது என்று 1984-இல் சட்டம் செய்யவேண்டியதாயிற்று. லாங்மோர் நூலை எரித்தது அதற்கு நான்காண்டு கழித்தே. அலுவலகத்திலிருந்து வரும் உறையைப் பிரிக்கவே கை நடுங்கிய காலம் அது. ஊதியத்தைப் பற்றிய தகவல் அலுவலகக் கணக்கில் தாமதமாக ஏறி, மிகையாக வழங்கிய தொகையைத் திருப்பிக் கேட்டுச் சில ஆண்டுகள் கழித்துக் கடிதம் வருவது இன்றும் உள்ள வழக்கம். உரிய காலத்தில் தெரிவித்தவர்க்கும் இது நேர்கிறது.

1999 டிசம்பர் 17-இல் கையொப்பமான ‘பணிச்சீட்டு’ச் சட்டம் இவ்வச்சத்தை நேராக எதிர்கொண்டது. உதவி பெறுவோர் தாம் விரும்பும் வேலைவாய்ப்புத் துணை நிறுவனத்தைத் தேரலாம் என்பதே அதன் பெயருக்குக் காரணமான பகுதி. ஆனால் அப்பகுதியைப் பயன்படுத்துவோர் இன்றளவும் சிறு தொகையினரே. அதனினும் மதிப்புமிக்கவை பரவலாக அறியப்படாத ஏனைய பிரிவுகள். வேலையால் உதவி நின்றபின் ஐந்தாண்டுக்குள் உடல்நிலை காரணமாக வேலையை விட நேர்ந்தால், புதிதாக விண்ணப்பிக்காமலே உதவியை மீட்கலாம். மனு ஆய்விலிருக்கும்போதே ஆறு மாதம்வரை இடைக்கால உதவியும் உண்டு. முதியோர்க்கும் காப்புறுதி பெறுவோர்க்கும் உரிய மெடிக்கேர் மருத்துவக் காப்பீடு, சோதனைப் பணிக்காலத்துக்குப் பின்னும் 93 மாதங்களுக்குக் குறையாமல் தொடரும். வேலைக்குச் செல்லுமுன் கணக்கிட்டுச் சொல்லும் ஆலோசகர்க்கும் அச்சட்டம் வழிசெய்தது.

இவற்றுள் சொற்பொருள் நோக்கில் முதன்மையானது வேறொன்று. இருபத்துநான்கு மாதங்களேனும் காப்புறுதி பெற்றுவந்தவர் வேலைக்குச் சென்றார் என்பதை மட்டும் காரணமாக்கி அவருடைய உடல்நிலை மறுஆய்வைத் தொடங்கலாகாது என்றும், அவர் செய்த பணியையே உடல்நிலை மேம்பட்டதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்றும் அச்சட்டம் கூறியது. 1956-இன் வரையறை உழைப்பையும் இயலாமையையும் ஒன்றையொன்று விலக்கும் சொற்களாக்கியது. 1999-இன் இப்பிரிவு இரண்டும் ஒருவரிடத்தில் உடனுறையலாம் என்று முதன்முறையாகச் சொல்லளவில் ஏற்றது. ஆயின் வரையறையைத் திருத்தி அதைச் சொல்லவில்லை. வரையறைக்கு ஒரு விலக்காகச் சேர்த்துச் சொன்னது. உதவி பெறுவோரில் எத்தனை பேர் அவ்விலக்கைப் படித்து நம்பி வேலைக்குச் செல்வர் என்பது வேறு.

தமிழில் எச்சொல்?

லாங்மோர் கட்டுரையைத் தமிழாக்க முனைவோர்க்கு முதற்சிக்கல் தலைச்சொல்லிலேயே எழும். தமிழக அரசு 2010-இல் ‘ஊனமுற்றோர்’ என்பதை விடுத்து ‘மாற்றுத்திறனாளி’ என்பதை ஏற்றது. துறையின் பெயரும் அவ்வாறே ஆயிற்று. மக்களைக் குறிக்கும் சொல்லாக இன்று அதுவே நாகரிகமானது. ஆனால் அமெரிக்கச் சட்டத்தின் வரையறையில் அச்சொல்லை இட்டால், ‘மாற்றுத்திறன் என்பது பணியாற்றும் திறனின்மை’ என்னும் பொருந்தா வாக்கியம் பிறக்கும். அங்கு ‘இயலாமை’ என்பதே சரி. லாங்மோர் தம்மையும் தம் தோழரையும் குறிக்கும் இடங்களிலோ ‘இயலாதோர்’ என்று எழுதினால் அவர் எதிர்த்து நின்ற வரையறையை அவர் வாயிலேயே ஏற்றியதாகும். மூலத்தில் ஒரே சொல் நின்று இருபொருள் தருகிறது. கட்டுரையின் போராட்டமே அவ்விரு பொருளுக்கிடையில் நிகழ்கிறது. தமிழாக்கத்தில் இரு சொற்களை ஆண்டே தீரவேண்டும்; எவ்விடத்தில் எச்சொல் என்பதை இடம்நோக்கித் தெளிதல் வேண்டும். ‘வேலைக்கு ஆகாது’ என்னும் நம் பேச்சுவழக்கு பொருளையும் ஆளையும் ஒருசேர ஒதுக்குவது. அமெரிக்கச் சட்டத்தின் வரையறையை மிகச் சுருங்கச் சொல்வதாயின் அத்தொடரே போதும்.

இந்தியச் சட்டம் இவ்வகையில் வேறான இடத்தில் தொடங்குகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நீண்டகாலக் குறைபாடு தடைகளோடு மோதும்போது சமூகத்தில் பிறர்க்கு நிகராகப் பங்கேற்க முடியாமற்போவதையே தன் வரையறையாகக் கொண்டது. வருவாய் அதில் இல்லை. நாற்பது விழுக்காட்டுக் குறைபாட்டுக்குச் சான்றிதழ் பெற்றவர் அரசுப்பணியில் சேர்ந்தாலும் அச்சான்றிதழ் செல்லும்; சொல்லப்போனால் நான்கு விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்கு அதுவே நுழைவுச்சீட்டு. ஆயினும் உழைப்பும் உதவியும் முரணும் இடம் இங்கும் உண்டு. மைய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கே உரியது. அதன் மாதத் தொகை 300 ரூபாய். மைய அரசு ஊழியர் இறந்தபின் அவருடைய மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் வழங்கும் குடும்ப ஓய்வூதியத்திலோ, பிழைப்புக்கு ஈட்ட இயலாதவாறு குறைபாடுடையவர் என்னும் பொருள்படும் தொடரே விதியில் நிற்கிறது. அகவிலைப்படி நீங்கலாக மாதம் 9,000 ரூபாய் என்றிருந்த வருமான வரம்பு, பெற்றோர் இறுதியாகப் பெற்ற ஊதியத்தின் 30 விழுக்காடும் அதற்குரிய அகவிலைப்படியும் என 2021 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டது. சிறு கடை வைத்தோ தட்டச்சுப் பணி செய்தோ பொருளீட்டும் ஒரு மகளுக்கு, ஓய்வூதியத்தை இழக்காமல் அவ்வேலையைத் தொடர இதனால் வழி கிடைத்தது. வரம்பை உயர்த்திய ஆணை அத்தொடரைத் தொடவில்லை.